தலைப்பக்கம் வெட்டிய படம்

ரேவதிக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாதான் எழுதினாளா என்று உனக்கு முதலில் ஒரு சந்தேகம் வர வேண்டும். வந்தால் எனக்குச் சந்தோஷம். கையெழுத்தைப் பார், வரி வலது பக்கம் போகப் போக மேலே ஏறுகிறதா என்று பார், பிறகு படி. போனிலேயே அனுப்பியிருக்கலாம். வேண்டுமென்றேதான் பேனாவை எடுத்தேன். போனில் வருவதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது நம் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். அடுத்த வாரம் நீ புனேவுக்கு வேலைக்குப் போகிறாய். போன வருஷம் நடந்ததைப் பற்றி நாம் உட்கார்ந்து பேசவே இல்லை. நீ ரயில் ஏறும்போது பேச ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், அல்லது உன் பையைச் சோதனை போடுவேன். அதனால் எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரிய வந்த வரிசையிலேயே சொல்கிறேன், அப்போதுதான் நான் எப்படிப்பட்ட கண்ணோடு உன்னைப் பார்த்தேன் என்று உனக்குப் புரியும்.

சந்தேகப்படுவது எனக்குக் குணம் மட்டும் இல்லை, பிழைப்பும் அதுதான். பத்திரம் எழுதுகிறவரின் ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்களுடைய மூலப்பத்திரங்களைப் புரட்டிப் புரட்டியே என் கண் இப்படி ஆகிவிட்டது. எங்கே சுரண்டி எழுதியிருக்கிறார்கள், எந்தப் பக்கத்தின் மை மட்டும் புதிதாக இருக்கிறது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். 'இது எங்க பெரியப்பா கட்டின வீடு' என்று ஒருவர் எதிரே உட்கார்ந்து கண்ணீர் விட்டாலும் நான் தாளின் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அதே கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவேன். பள்ளிக்கூட நாளில் நீ காய்ச்சல் என்று படுத்தால், நெற்றியைத் தொட்டுவிட்டுப் போர்வைக்குள் வெந்நீர் பாட்டில் இருக்கிறதா என்றும் தேடுவேன். ஒரு தடவை இருந்தது. அதனால் தேடியது தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. பட்டுக்கடையில் புடவை பிரித்துக் காட்டும் உன் அப்பாவுக்கு நேர் எதிர் சுபாவம். வாங்கப் போவதில்லை என்று தெரிந்த ஆளுக்கும் கடைசிப் புடவைவரை பிரித்துக் காட்டுவார். ஒரு வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இன்னொருவர் இப்படி இருக்கத்தான் வேண்டும்.

நீ ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் போன் தயாரிக்கிற கம்பெனியில் சேர்ந்து, சம்பளத்தைச் சேர்த்து வைத்து ஒரு நல்ல போன் வாங்கினாய். கம்ப்யூட்டர் மாதிரி அதில் வேண்டிய புரோகிராமை எல்லாம் ஏற்றிக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தாய். திரையில் தெரிவதை அப்படியே படமாகப் பிடிக்கலாம், பிடித்ததை வெட்டலாம், மேலே எழுதலாம் என்று நீ சொன்னபோது அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நான் அடுப்படியில் இருந்தேன். காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அரக்கோணத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான், நல்ல நிறம், குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். நீங்கள் இரண்டு பேரும் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் பேசினீர்கள். அவர்கள் கார் தெருமுனையைத் தாண்டியதும் நீ என்னிடம் வந்தாய்.

"எனக்குப் பிடிக்கலமா."

"ஏன்?"

"பிடிக்கல. வேற இன்னா சொல்றது?"

"காரணம் இல்லாம எப்படிப் பிடிக்காம போகும்? இன்னா பண்ணான் அந்தப் பையன்?"

"பேசிக்கினு இருக்கும்போதே என் போனை எடுத்துக்கினாருமா. கேக்கக்கூட இல்ல. மெசேஜை ஒண்ணொண்ணா திறந்து படிச்சாரு. சிரிச்சிக்கினே படிச்சாரு."

"படிச்சா படிக்கட்டுமே. மறைக்கிறதுக்கு உன்கிட்ட இன்னா இருக்குது?"

நீ என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாய். உண்மையைச் சொல்லட்டுமா? அந்தப் பையனை எனக்கு அப்போதுதான் கூடுதலாகப் பிடித்தது. கட்டிக்கொள்ளப் போகிறவளை விசாரித்துப் பார்க்கிறான், விவரமான ஆள், என்னை மாதிரியே என்று நினைத்தேன். மறுபடியும் ஒரு தடவை நீ அப்பா காதில் விழுகிற மாதிரி வேண்டாம் என்றாய். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துவிட்டேன்.

நிச்சயத்துக்கு முந்தின வாரம் பையனின் அம்மா காரில் வந்து இறங்கினாள். கூட அவளுடைய அண்ணன். இரண்டு பேரும் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கலர் பிரிண்ட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். உன் போன் திரையின் படம் அது. மேலே டில்லி என்று பேர். கீழே இரண்டே இரண்டு செய்தி, ஆங்கில எழுத்தில் தமிழ். 'நாளைக்கு கம்பெனி பஸ் வேணாம். வண்டி எடுத்துக்கினு வரேன். சரியா?' என்று அவன் கேட்கிறான். 'சரி. அம்மாவுக்குத் தெரியக் கூடாது' என்று நீ சொல்கிறாய்.

"எங்க பையன் போனுக்கு வந்துச்சு. யார் அனுப்பினாங்கன்னு தெரியல. தெரிஞ்சிக்கவும் வேணாம்" என்றாள் அந்த அம்மா. "இத்தோட நிறுத்திக்கலாம்."

அப்பா புடவைக் கறையைப் பார்க்கிறவர்போல் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வாங்கி ஓரத்தைப் பார்த்தேன். பேருக்கு மேலே ஒன்றும் இல்லை. போன் என்றால் தலைப்பக்கம் மணி இருக்கும், சிக்னல் கோடு இருக்கும். இதில் நறுக்கென்று வெட்டியிருந்தது.

"மேல ஏன் வெட்டியிருக்குது?" என்று கேட்டேன்.

"வெட்டினா இன்னா? கீழ இருக்குற பேச்சு உங்க பொண்ணோடதுதானே?"

அவர்கள் போன பிறகு என் முதல் சந்தேகம் அவர்கள் மேலேயே விழுந்தது. வேறு பெரிய இடம் கிடைத்திருக்கும், கழற்றிவிட வழி தேடியிருப்பார்கள் என்று நினைத்தேன். நீ வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அந்தத் தாளை உன் முன்னால் வைத்தேன். உன் போனா என்று கேட்டேன், ஆமாம் என்றாய். டில்லி யார் என்று கேட்டேன், டில்லிபாபு, கூட வேலை செய்கிறவர், ஐயம்பேட்டையில் பஸ் ஏறுவார் என்றாய். இதை நீ அனுப்பினாயா என்றதற்கு, "அதுல அப்படித்தானே இருக்குது" என்றாய். அந்தக் கடைசி பதிலில் நான் நின்றிருக்க வேண்டும். ஒரு பத்திரத்தில் அப்படி ஒரு வாக்கியம் இருந்தால் சிவப்பு மையால் சுழித்துவிட்டு மேலே படிக்கவே மாட்டேன். ஆனால் மகள் என்றதும் ஆபீஸ் கண் வேலை செய்யவில்லை, தாயின் கோபம்தான் வேலை செய்தது. நீ அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தாய். அப்பா ஒரு வாய் சாப்பிடவில்லை. 'நம்ம புள்ளையா?' என்று மட்டும் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

இனிமேல் என் புத்தி எப்படி ஓடியது என்று சொல்கிறேன். உன் போன் படம் வெளியே போக வேண்டுமென்றால், பஸ்ஸில் உன் போனை வாங்கி அதை எடுத்து அனுப்பியவன் அந்த டில்லியாகத்தான் இருக்க வேண்டும். உன் நிச்சயத்தைக் கலைத்துவிட்டுத் தனக்குக் கட்டிவைக்கச் சொல்லி நிற்கப் போகிறான். இதை நான் யூகமாகக்கூட நினைக்கவில்லை, கண்ணால் பார்த்ததுபோல நம்பினேன். நீ வேலைக்குக் கிளம்பியதும் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். ஐயம்பேட்டையில் டில்லிபாபு வீடு எது என்று கேட்டதுமே காட்டிவிட்டார்கள். வாசலில் தோரணம் கட்டக் கம்பு நட்டிருந்தது. அவனுக்கு அன்றைக்கு மாலை ஷிப்ட், வீட்டில்தான் இருந்தான். உள்ளே அவனுடைய அம்மாவும், எதிர்வீட்டு முனிரத்தினம் என்கிற பெரியவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரியவரின் மகள் பத்மாவைத்தான் அவனுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் கத்தாமல் இருந்திருப்பேனா என்றால், அதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வாசலில் நின்றுகொண்டே கத்தினேன். என் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாயே என்றேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. அவன் வெளியே வந்து தாளை வாங்கிப் படித்தான்.

"இன்னா ஆன்ட்டி இது? நான் அனுப்பவே இல்லையே!"

"உன் பேர்தானே இருக்குது?"

"பேர் இருக்குது. ஆனா நான் அனுப்பல." அவன் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து என் கையில் திணித்தான். "ரேவதிக்கு நான் அனுப்பினது எல்லாமே இதுல இருக்குது. எல்லாத்தையும் படிங்க. உக்காந்து படிங்க."

படித்தேன். பஸ் வந்துவிட்டது, பஸ் இன்றைக்கு லேட், சூப்பர்வைசர் மாறிவிட்டார். அவ்வளவுதான். ஒன்றுக்கும் உதவாத செய்திகள். அப்படியும் விடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அவன் 'சரி' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது எஸ், ஈ என்று ஆரம்பிக்கிறான். நம் பக்கத்தில் பேசுகிற மாதிரியே, 'செரி'. எல்லா இடத்திலும் அப்படித்தான். கையிலிருந்த தாளை மறுபடி விரித்தேன். அதில் எஸ், ஏ, ஆர், அதற்கப்புறம் இரண்டு ஈ. புடவைக்கு ஆங்கிலத்தில் போடுகிற எழுத்து. அவன் கேட்டதிலும் அப்படி, நீ சொன்னதிலும் அப்படி. 'சரி'யைப் புடவையாக எழுதுகிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். அவளைக் கிண்டல் பண்ணாமல் அவளுடைய அப்பாவுக்கு ஒரு நாள் போகாது.

எழுந்துவிட்டேன். தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். நான் படி இறங்கும்போதே பெரியவர் முனிரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "டில்லி, இது இன்னா சமாசாரம்னு மொதல்ல தெரியட்டும்பா. கல்யாணத்தை அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அவனுடைய அம்மா தெலுங்கில் ஏதோ சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். அவள்தான் பத்மா என்று சொல்லாமலே தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். நான் உட்காராமலே கேட்டேன்.

"டில்லின்னு பேர் போட்டு வச்சியே, அந்த நம்பர் யாரோடது?"

உன் கை நின்றது. என்னிடம் பொய் சொல்ல நீ முயற்சி செய்யவில்லை, அதை இங்கே எழுதி வைக்க வேண்டும். "அப்பாவோட பழைய போன்ல வேற சிம் போட்டேன்மா. அந்த நம்பரை டில்லின்னு சேவ் பண்ணேன். அதுலேர்ந்து எனக்கு நானே அனுப்பிக்கினேன். அப்புறம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேல வெட்டிட்டேன். மணி தெரிஞ்சா, அந்த நேரத்துல ரெண்டு பேரும் எங்க இருந்தீங்கன்னு கேப்பாங்கன்னு."

"அவங்களுக்கு அனுப்பினதும் நீதானா?"

"ஆமா."

"உன் பேரை நீயே கெடுத்துக்கினியாடி? ஊர்ல இன்னா பேசுவாங்கன்னு தெரியுமா? ஏன்டி?"

"பிடிக்கலைன்னு சொன்னேன். போதல. காரணம் கேட்டே. போனை நோண்டுறாருன்னு காரணமும் சொன்னேன். அதுவும் போதல." நீ மடித்த புடவையைக் கீழே வைத்தாய். "உனக்கு ஆதாரம் வேணும். அவருக்கும் போன்ல ஏதாவது கிடைக்கணும். தேடிக்கினே இருக்கீங்களேன்னு நானே ஒண்ணு செஞ்சி வச்சேன்."

கையை ஓங்கினேன். அடிக்கவில்லை, அடிக்க நினைத்தேன். அதற்குப் பதிலாக ஐயம்பேட்டைக்குப் போய் வந்ததைச் சொன்னேன். உன் முகம் மாறியது அப்போதுதான். அந்தப் படத்தைக் காட்டியபோது கலங்காதவள், பத்மா கதவருகே நின்றாள் என்றதும் தரையில் உட்கார்ந்துவிட்டாய். "அங்க ஏன்மா போனே? அவங்க வீட்டோட முடிஞ்சிடும்னு நெனச்சேனே" என்றாய். டில்லி பெயரை ஏன் போட்டாய் என்று கேட்டேன். போனில் கண்ணுக்கு முன்னால் இருந்த பெயர் என்றாய். வேறு எதற்காகவும் இல்லை, கைக்குக் கிடைத்த பெயர். ரேவதி, அன்றைக்கு நீ சொன்னதிலேயே எனக்கு மிகவும் பயம் தந்தது அந்தப் பதில்தான். உன் பெயரை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள், அது உன் பாடு. இன்னொருவன் பெயரை எடுத்து ஒட்டும்போது அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், எதிர்வீடு இருக்கும் என்று உனக்குத் தோன்றவில்லை.

அவனுக்கு மட்டும் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி முடித்துவிடு, வெளியே தெரிய வேண்டாம் என்று நான் சொன்னேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. "நீ தெருவுல நின்னு கத்தினே இல்ல? அப்போ தெருவுலதான் சொல்லணும்" என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் போனோம். பெரியவர் முனிரத்தினம் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டில்லி தன் வீட்டுக் கதவோரம் நின்றான், வா என்று சொல்லவில்லை. நீ நடுத்தெருவில் நின்று, "அது நான் பண்ணது. அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாய்.

பெரியவர் தலையை ஆட்டினார். "இப்போ நீ அவனைக் காப்பாத்துறதுக்காக இப்படிச் சொல்லலாம் இல்ல? நான் எதை நம்புறது?" அவர் கேட்டது நியாயம். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நீ பையிலிருந்து இரண்டு போனையும் எடுத்தாய். "உங்க பேர் இன்னாங்க பெரியவரே?" என்று கேட்டாய். அவர் சொன்னார். அவர் கண்ணெதிரே பழைய போனின் நம்பருக்கு முனிரத்தினம் என்று பேர் போட்டாய். அந்தப் போனில் ஏதோ தட்டினாய், உன் போன் கிணுகிணுத்தது. திரையைப் படமாகப் பிடித்தாய், மேலே வெட்டினாய், குனிந்து அவரிடம் காட்டினாய். ஆங்கில எழுத்து அவருக்கு வராது என்று பத்மாவைக் கூப்பிட்டார். அவள் வந்து எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். "'இந்தக் கல்யாணத்துல எனக்கு இஷ்டம் இல்ல. மாப்பிள்ளையை வேற இடம் பாக்கச் சொல்லு.' முனிரத்தினம்னு போட்டிருக்குதுபா."

"நான் எப்போமா இத அனுப்பினேன்?" என்று அவர் பதறி எழுந்துவிட்டார்.

"நீங்க அனுப்பல. அதேமாதிரி அவரும் அனுப்பல."

"அழிம்மா. மொதல்ல அத அழி. யாராச்சும் பாத்துடப் போறாங்க!" அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார். நீ அழித்தாய். அழித்ததைப் பத்மா எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அப்புறம் அவள் உன்னைப் பார்த்து, "இனிமே இவரு போன்ல ஏதாவது வந்தா நான் இன்னான்னு எடுத்துக்கிறது?" என்று கேட்டாள். நீ இரண்டு போனையும் பையில் போட்டாய். டில்லி அப்போதுதான் வாயைத் திறந்தான். "அடுத்தவன் பேருன்னா அவ்ளோ சுளுவா போச்சா ரேவதி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவர்கள் கல்யாணம் நடந்தது. நமக்குப் பத்திரிகை வரவில்லை. அதற்கப்புறம் கம்பெனி பஸ்ஸில் அவன் உன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று அப்பாவிடம் நீ சொன்னது எனக்கும் கேட்டது. அரக்கோணத்துக்கு அப்பா போன் செய்து உள்ளதைச் சொன்னார். நல்ல மனுஷன், உண்மையைச் சொன்னால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைக்கிறவர். அந்த அம்மா, "செய்யாததைச் செஞ்சதா காட்டத் தெரிஞ்ச பொண்ணு, செஞ்சதைச் செய்யலன்னும் காட்டுவா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவளை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அவள் சொன்னதை என்னால் ஒதுக்க முடியவில்லை. இந்த ஒரு வருஷத்தில், நீ 'ஓவர்டைம்மா' என்று செய்தி அனுப்பிய ஒவ்வொரு நாளும் அந்தக் குரல் எனக்குக் கேட்டது. நீ வாசலில் வந்து நிற்கிறவரை கேட்டது.

புனேவில் உனக்கு ஆயிரம் படம் வரும். இன்னார் இப்படிச் சொன்னார், பார் ஆதாரம் என்று யாராவது நீட்டுவார்கள். உள்ளே இருக்கிற பேச்சைப் படிப்பதற்கு முன்னால் ஓரத்தைப் பார். எங்கே வெட்டியிருக்கிறது, அதற்கு மேலே என்ன இருந்திருக்கும், முழுசும் காட்டச் சொன்னால் காட்டுவார்களா என்று கேள். வெட்டினவர் கையில்தான் உண்மையின் மீதிப் பாதி இருக்கும். உன் போனைக் கேட்காமல் எடுக்கிறவனை விட்டு எழுந்து வந்துவிடு. அவன் கணவனாக வரப் போகிறவனாக இருந்தாலும் சரி, அவனுக்குப் பரிந்து பேசுகிறவள் உன் அம்மாவாகவே இருந்தாலும் சரி. நான் திருந்திவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. நீ கொடுத்த ஹாஸ்டல் நம்பருக்கு, ஜரிகைக்கடை பாயை விட்டு இந்தியில் பேசச் சொல்லி விசாரித்துவிட்டேன். அப்படி ஒரு ஹாஸ்டல் இருக்கிறதாம், உன் பெயருக்குக் கட்டில் போட்டிருக்கிறார்களாம். வார்டன் அம்மாளின் குரல் நம்பகமாக இருந்தது என்று பாய் சொன்னார். ஒரு குரலை வைத்து எப்படி நம்புவது என்று நான் அவரோடு சண்டை போட்டேன்.

கடைசியாக ஒன்று. போன மாதம் கல்யாணத் தரகர் வந்தது உனக்குத் தெரியும். தன் போனிலேயே பையன் படத்தைக் காட்டினார். செங்கல்பட்டு, ஒரே பையன். நீ பார்த்துவிட்டு என்னிடம், "வேணாம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாய். அதற்கப்புறம் கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. நான் அவரிடம், "அவளுக்கு வேணாமாம்" என்றேன். அவர் விடவில்லை. "இன்னா கொறைன்னு சொல்லுங்கமா. அவங்க கேட்டா நான் பதில் சொல்லணும் இல்ல? காரணம் இன்னா?"

"தெரியல. நான் கேக்கல."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். உள் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெற்ற தாய் மகளிடம் காரணம் கேட்கவில்லையாம், இந்த வீட்டில் எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது. எத்தனையோ பேரை நான் பார்த்த பார்வை அது, என் மேல் விழுந்து நான் பார்த்ததில்லை. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே காபியைக் குடித்து முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா